கல்லூரியில் கேம் டெவலப்மென்ட் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் உருவாக்கக் கற்க வேண்டும் என்று வரும் மாணவர்களும் அவர்களுடன் வரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்களின் கேம் திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்ற முறையில், அவர்களிடம் நேரில் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் படிப்பில் உண்மையில் என்ன கற்றுத்தருகிறார்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரே படிப்பாகத் தெரிந்தாலும், உள்ளே நான்கைந்து தொழில்கள் அடங்கியிருக்கின்றன. நிரல் எழுதுபவர், முப்பரிமாண உருவங்களையும் அசைவுகளையும் செய்யும் ஆர்டிஸ்ட், விளையாட்டின் விதிகளையும் கட்டங்களையும் வகுக்கும் டிசைனர், ஒலி அமைப்பவர், இவர்கள் அனைவரின் வேலையையும் நாள்கணக்குப் போட்டு ஒருங்கிணைக்கும் தயாரிப்பாளர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சி தேவை. பெரும்பாலான கல்லூரிகள் முதலாண்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்காட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஏதேனும் ஒரு பிரிவில் ஆழமாகப் போகச் சொல்கின்றன.

பிற மென்பொருளிலிருந்து கேமை வேறுபடுத்துவது நேர நெருக்கடி. நொடிக்கு 60 படச்சட்டங்கள் காட்ட வேண்டுமானால், ஒவ்வொரு சட்டத்திற்கும் கிடைப்பது 16.67 மில்லிநொடி மட்டுமே. விளையாடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று படித்து, கதாபாத்திரத்தை நகர்த்தி, அது சுவரில் மோதியதா என்று பார்த்து, எதிரி அடுத்து என்ன செய்வான் என முடிவுசெய்து, காட்சி முழுவதையும் அதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். முடித்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலுவலக மென்பொருளில் ஒரு பக்கம் அரை நொடி தாமதமாகத் திறந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கேமில் அதே அரை நொடி 30 சட்டங்களை விழுங்கிவிடும், விளையாடுபவரின் கதாபாத்திரம் பள்ளத்தில் விழுந்துவிடும். இந்த நெருக்கடிக்குள் சிந்திக்கப் பழக்குவதுதான் நிரலாக்கப் பாடங்களின் மையம்.

இது புத்தம்புதிய துறையும் அன்று. 1988இல் நிறுவப்பட்ட டிஜிபென் நிறுவனம், நின்டெண்டோவின் ஒத்துழைப்புடன் கனடாவின் வான்கூவரில் 1994இலேயே கேம் புரோகிராமிங்குக்கென இரண்டாண்டு டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் தருகின்றன. பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளடக்கம் பெரிதும் மாறும் என்பதால், பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் செமஸ்டர்வாரியான பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.

கேம் விளையாடுவது எனக்கு உயிர். அது போதுமா?

அந்த ஆர்வம் இல்லாமல் இந்தப் படிப்பில் தாக்குப்பிடிப்பது கடினம். ஆனால் விளையாடுவதில் கிடைக்கும் இன்பமும் உருவாக்குவதில் கிடைக்கும் இன்பமும் வெவ்வேறு. உங்களுக்கு இரண்டாவது வகை இன்பம் பிடிக்குமா என்று அறிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. மிகவும் பிடித்த ஒரு கேமில் கதாபாத்திரத்தைக் குதிக்கவையுங்கள். அந்தக் குதிப்பு ஏன் கைக்கு இதமாக இருக்கிறது என்று ஒரு மணி நேரம் ஆராயுங்கள். மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் ஒன்றா? பொத்தானை லேசாகத் தட்டினால் குறைந்த உயரமும், அழுத்திப் பிடித்தால் அதிக உயரமும் வருகிறதா?

மேடையின் விளிம்பில் நிதானமாகக் கவனித்தால் ஒரு விந்தை தெரியும். பல நல்ல கேம்களில், கால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினாலும் கதாபாத்திரம் குதித்துவிடும். நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விளையாடுபவருக்குத் தரப்படும் இந்தச் சலுகையைத் துறையில் கயோட்டி டைம் என்று சொல்கிறார்கள். இது இல்லாவிட்டால் 'நான் சரியாகத்தானே அழுத்தினேன்' என்று விளையாடுபவர் எரிச்சலடைவார். இருந்தால், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 2018இல் வெளிவந்த செலஸ்ட் என்ற கேமை உருவாக்கியவர்கள், கதாநாயகியை இயக்கும் நிரலைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். ஓடுவது, குதிப்பது, சுவரில் தொற்றுவது போன்ற ஒரே ஓர் ஆளின் அசைவுகளுக்கான நிரல் 5,000 வரிகளைத் தாண்டுகிறது. அதைத் திறந்து பார்த்ததும் சலிப்பு வருகிறதா, இன்னும் படிக்கத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது என்றால் தயங்காமல் வாருங்கள்.

கணினி அறிவியல் பட்டமா, கேம் டெவலப்மென்ட் பட்டமா?

நிரலாக்கத்தில்தான் நாட்டம், ஆனால் வாழ்நாள் முழுவதும் கேம் துறையிலேயே இருப்பேனா என்று உறுதியில்லை என்பவர்களுக்குக் கணினி அறிவியலையே பரிந்துரைக்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கணினி வரைகலை ஆகிய அடிப்படைகள் அதில் முறையாகக் கிடைக்கும்; கேம் உருவாக்கத்தை மாலை நேரத்திலும் விடுமுறையிலும் கற்கலாம். வேறு துறைக்கு மாற வேண்டி வந்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

கேம் பட்டத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஆர்டிஸ்டும் புரோகிராமரும் டிசைனரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து, ஒரே கேமுக்காக ஒரு செமஸ்டர் முழுக்க மோதி, சமரசமாகி, முடித்துக்கொடுக்கும் அனுபவம் வேறு படிப்பில் எளிதில் வாய்க்காது. அப்படிப்பட்ட கூட்டுத் திட்டங்கள் பாடத்திட்டத்தில் மூன்று நான்கு முறையாவது இல்லையென்றால், கேம் என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருப்பதால் மட்டும் பெரிய பயனில்லை. டிசைன், கலை ஆகிய பிரிவுகளுக்கு வருபவர்களுக்கு அந்தக் கூட்டு அனுபவம் இன்னும் முக்கியமானது.

கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

டிசைனருக்கும் ஆர்டிஸ்டுக்கும் சதவீதமும் நிகழ்தகவும் கையில் இருந்தால் பெரும்பாலும் போதும். புரோகிராமருக்கு முக்கோணவியல், வெக்டர், மேட்ரிக்ஸ் ஆகியவை அன்றாடத் தேவைகள். பள்ளியில் கணக்கைக் கண்டு பயந்தவர்கள் கேமுக்காகவே அதை விரும்பக் கற்றுக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஏனெனில் இங்கே விடை திரையில் நடமாடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கோட்டை வாசலில் ஒரு காவலாளி நிற்கிறான். விளையாடுபவர் அவன் பார்வைக்குள் வந்துவிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காவலாளி பார்க்கும் திசை ஒரு வெக்டர். காவலாளியிடமிருந்து விளையாடுபவரை நோக்கிச் செல்லும் திசை இன்னொரு வெக்டர். இரண்டின் நீளத்தையும் 1 ஆக்கிவிட்டு டாட் பிராடக்ட் (இரண்டின் உறுப்புகளையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டுவது) கணக்கிட்டால், வரும் எண் இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன். நேர் எதிரில் இருந்தால் 1, பக்கவாட்டில் இருந்தால் 0, முதுகுக்குப் பின்னால் இருந்தால் –1. காவலாளியின் பார்வை இருபுறமும் 60 பாகை வரை விரியும் என்று வைத்தால், அந்த எண் 0.5ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மூன்று பெருக்கல், இரண்டு கூட்டல், ஓர் ஒப்பீடு ஆகியவற்றில் ஒரு காவலாளிக்குக் கண் வந்துவிடுகிறது. இதை முதன்முறை எழுதி முடித்த மாணவி ஒருவர், காவலாளியின் முதுகுப்பக்கமாகத் தன் கதாபாத்திரத்தை முன்னும் பின்னும் நடத்தி, அவன் திரும்பும் கணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அவர் எழவில்லை.

கணக்கில் கவனக்குறைவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொரு சட்டத்திலும் கதாபாத்திரத்தை இத்தனை புள்ளி நகர்த்து என்று எழுதுவது தொடக்க நிலையில் எல்லோரும் செய்யும் பிழை. எழுதியவரின் 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 சட்டம் காட்டும் திரையில், அது சரியாக ஓடும். மதிப்பீட்டு நாளில் 144 ஹெர்ட்ஸ் திரையில் திறந்தால், அதே கதாபாத்திரம் 2.4 மடங்கு வேகத்தில் பறந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். முந்தைய சட்டத்திலிருந்து கடந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்க வேண்டும் என்ற ஒரு வரிப் பாடம் அன்றைக்கு எல்லோர் மனத்திலும் பதிந்துவிடும்.

எனக்கு வரைய வராது. அல்லது, எனக்கு நிரல் எழுத வராது. சேரலாமா?

சேரலாம். வரைய வராத புரோகிராமர் சதுரங்களையும் வட்டங்களையும் வைத்தே ஒரு கேமின் உயிரைக் காட்டிவிட முடியும். நிரல் எழுதாத ஆர்டிஸ்டும் தன் உருவங்களை, கேமை உருவாக்கி இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினுக்குள் கொண்டுபோய் வெளிச்சமும் அசைவும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மாடலிங் மென்பொருளில் அழகாக இருந்த உருவம் கேமுக்குள் வரும்போது பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்கும் டெக்னிக்கல் ஆர்டிஸ்ட் என்ற வேலை இருப்பதே பல மாணவர்களுக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. கலையும் நிரலும் இரண்டும் ஓரளவு பிடிக்கும் என்பவர்கள் அதை இப்போதே கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எஞ்சினைக் கற்க வேண்டும்? எந்த மொழியை?

இன்று கல்லூரிகளில் அதிகம் புழங்குபவை மூன்று. 2005இல் வெளிவந்த யூனிட்டியில் சி ஷார்ப் மொழியில் எழுதுகிறோம். 1998இல் அதே பெயர் கொண்ட கேமோடு அறிமுகமான அன்ரியலில் சி பிளஸ் பிளஸ் மொழியும், கட்டங்களைக் கோட்டால் இணைத்து நிரல் செய்யும் ப்ளூபிரிண்ட் முறையும் உள்ளன. 2014இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்ட கோடோ முற்றிலும் இலவசம். அதற்கென எளிய மொழி ஒன்றும் இருக்கிறது. முதல் கேமுக்கு யூனிட்டியோ கோடோவோ, எதை உங்கள் நண்பர் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்ளும்போது கேட்க ஆள் இருப்பதே பெரிய உதவி.

ஆனால் ஒரே எஞ்சினை மட்டுமே நம்பிப் பாடத்திட்டம் வகுத்திருக்கும் கல்லூரியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் உருவாக்கியவரிடம் கட்டணம் வசூலிக்கும் திட்டத்தை அறிவித்தது. எதிர்ப்பு பலமாக எழுந்ததால் விதிகளைத் தளர்த்தி, 2024 செப்டம்பரில் கேம்களுக்கான அந்தக் கட்டணத்தையே கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பல சிறு குழுக்கள் வேறு எஞ்சினுக்கு மாறின. மாறியவர்களில் அதிகம் தடுமாறாதவர்கள், எஞ்சின் எந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன செய்கிறது என்று புரிந்து வைத்திருந்தவர்கள். அதனால்தான் ஒரு செமஸ்டராவது எந்த எஞ்சினும் இல்லாமல், வெறும் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு சிறு கேமை எழுதவைக்கும் பாடத்திட்டத்தை மதிக்கிறேன். மாணவர்கள் அந்த செமஸ்டரைச் சபிப்பார்கள், பிறகு வேலைக்குப் போன பின் அதைத்தான் நினைவுகூர்வார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றை விசாரிக்க வேண்டும்?

பளபளப்பான ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பாருங்கள், பாராட்டுங்கள், பிறகு இந்த ஒன்றைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு மாணவர்கள் முடித்த கேம்களை நான் இப்போது விளையாடிப் பார்க்கலாமா? நல்ல கல்லூரி உடனே ஒரு கணினியைத் திறந்துவிடும், அல்லது தரவிறக்கம் செய்ய முகவரி தரும். காணொளி மட்டும் காட்டினால், அந்த கேம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடுகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு நிமிடக் காணொளியில் எதையும் அழகாகக் காட்டிவிட முடியும்.

ஆசிரியர்களில் எத்தனை பேர் ஒரு கேமை முடித்து வெளியிட்ட குழுவில் இருந்திருக்கிறார்கள், எத்தனை செமஸ்டர்களில் குழுத் திட்டம் உண்டு, அந்தக் குழுக்களில் வெவ்வேறு பிரிவு மாணவர்கள் கலந்திருக்கிறார்களா என்பவற்றையும் கேளுங்கள். முன்னாள் மாணவர்களில் இரண்டு பேரிடமாவது தனியே பேசுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்ற எண்ணைக் கல்லூரியிடமே கேட்டு வாங்குங்கள். வேலைவாய்ப்பு விழுக்காடு என்று சொன்னால், அதில் எத்தனை பேர் கேம் துறையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் கேளுங்கள்.

மாணவராக நான் உருவாக்கும் கேம் யாருக்குச் சொந்தம்?

இதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்களில் பாடத்தின் பகுதியாகச் செய்யப்படும் படைப்புகளின் உரிமை கல்லூரிக்கே சேரும், சிலவற்றில் மாணவருக்கே இருக்கும். குழுவாகச் செய்த கேமை விற்க நினைத்தால், குழு உறுப்பினர்களுக்குள் பங்கு எப்படி என்று தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். கேம் பேர் வாங்கிய பிறகு எழுதப்படும் ஒப்பந்தம் நட்பைக் குலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

குழுத் திட்டம் என்றால் என்ன நடக்கும்? அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் படிப்பின் இதயமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐந்து முதல் பத்துப் பேர் சேர்ந்து, ஒரு செமஸ்டரிலோ ஓர் ஆண்டிலோ ஒரு கேமை முடிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் எல்லோரும் கனவு காண்பார்கள். திறந்த உலகம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் விளையாடும் இணைய ஆட்டம், கிளைவிடும் கதை என்று பலகை நிறையும். என் முன்னால் வரும் திட்டங்களில் பாதியைவிட அதிகமாக வெட்டச் சொல்வதுதான் என் முதல் வேலை. மாணவர்கள் அப்போது வருந்துவார்கள். ஆனால் பத்து அறைகள் கொண்ட, ஒவ்வொரு அறையும் செதுக்கப்பட்ட ஒரு கேம், பாதியில் நின்றுபோன ஒரு கண்டத்தைவிட எல்லா வகையிலும் மேலானது.

சிறிய யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் துறையில் நன்கு அறியப்பட்ட சான்று உண்டு. டிஜிபென் மாணவர்கள் சிலர் 2005இல் நார்பாகுலர் டிராப் என்ற கேமைத் திட்டமாகச் செய்தார்கள். ஒரு சுவரில் ஒரு வாசலும் வேறொரு சுவரில் மற்றொரு வாசலும் திறந்து, ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிவரலாம் என்ற ஒரே கருத்துதான் அதன் மூலதனம். அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்த மாணவர்களையே வேலைக்கு அமர்த்தியது. அதே கருத்து 2007இல் போர்ட்டல் என்ற கேமாக வெளிவந்தது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் 2005இல் செய்த கிளவுட் என்ற கேமும் இப்படித்தான். அதில் பங்காற்றிய ஜெனோவா சென்னும் கெல்லி சான்டியாகோவும் பிறகு தட்கேம்கம்பெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள், 2012இல் அந்நிறுவனத்தின் ஜர்னி என்ற கேம் வந்தது.

அடுத்தது, கோப்புகளைப் பாதுகாக்கும் முறை. முதல் வாரத்திலேயே, யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்து பழைய நிலைக்குத் திரும்ப உதவும் கிட் போன்ற வெர்ஷன் கன்ட்ரோல் முறையை அமைத்து, குழுவில் உள்ள ஆர்டிஸ்டும் அதில் பழகும்வரை வேறு வேலை தொடங்காதீர்கள். படங்களும் ஒலிக்கோப்புகளும் பெரியவை என்பதால் கிட்டில் அதற்கான பெருங்கோப்பு வசதியையும் சேர்த்தே அமைக்க வேண்டும். ஒரு குழு இதை அலட்சியம் செய்து, ஃபைனல், ஃபைனல் 2, உண்மையான ஃபைனல் என்று பெயரிட்ட கோப்புறைகளைப் பென் டிரைவில் கைமாற்றிக்கொண்டிருந்தது. ஒப்படைப்புக்கு நான்கு நாள் முன்பு இருவர் ஒரே காட்சிக் கோப்பை ஒருவருக்கொருவர் தெரியாமல் மாற்றினார்கள். ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, மூன்று வாரம் வைத்த விளக்குகளும் கதவுகளும் காணாமல் போயின. அந்த அறையில் யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த மௌனம் திட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது.

மூன்றாவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓடக்கூடிய ஒரு பில்டு, அதாவது அதுவரை செய்தவை அனைத்தும் சேர்ந்த கேமின் ஒரு பதிப்பு, இருக்க வேண்டும். அசிங்கமாக இருக்கலாம், பாதி இல்லாமல் இருக்கலாம், ஆனால் திறந்தால் ஓட வேண்டும். தனித்தனிப் பகுதிகளாகச் செய்து கடைசி வாரத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்த குழு எதுவும் எனக்குத் தெரிந்து நிம்மதியாக ஒப்படைத்ததில்லை.

ப்ளேடெஸ்ட் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

உங்கள் கேமை முன்பின் பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்ப்பதுதான் ப்ளேடெஸ்ட். வாயைத் திறக்காமல் என்பதே அதன் சாரம்.

ஒரு மாணவர் தன் புதிர் கேமின் முதல் அறையில், சாவியை எடுத்துக் கதவைத் திறப்பது மிக எளிது என்று நம்பியிருந்தார். விளையாட வந்த பெண்மணி கதவின் முன் போய் நின்றார். எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினார். திரும்பிச் சுவரைத் தடவிக்கொண்டே அறையைச் சுற்றினார். சாவி மேசையின் மேல் மஞ்சள் நிறத்தில் இருந்தது, மேசையும் மஞ்சள், விளக்கும் மஞ்சள். நான்கு நிமிடம் கடந்தது. மாணவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, 'அதோ அங்கே' என்று சொல்லத் துடிக்கும் உதடுகளை மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பெண்மணி, 'எனக்கு இதெல்லாம் வராதுங்க' என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அன்றிரவே மேசை அடர்நீலமானது, சாவியின் மேல் ஒரு சிறு மினுக்கமும் வந்தது. அடுத்து வந்தவர் பத்து நொடியில் சாவியை எடுத்தார்.

விளையாடுபவர் தன்னைக் குறைசொல்லிக்கொள்ளும்போது பிழை உங்களுடையது. இதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஏறிவிடும்.

கேம் ஜாமில் கலந்துகொள்வது பயன் தருமா?

நிச்சயமாகத் தரும். கேம் ஜாம் என்பது கொடுக்கப்பட்ட கருப்பொருளில், ஓரிரு நாள்களுக்குள் ஒரு கேமைச் செய்துமுடிக்கும் நிகழ்வு. லூடம் டேர் 2002 முதலும் குளோபல் கேம் ஜாம் 2009 முதலும் நடக்கின்றன. முன்பு சொன்ன செலஸ்டும் முதலில் இருவர் நான்கே நாளில் செய்த சிறு கேமாகத்தான் பிறந்தது. ஆண்டுக்கு இரண்டு ஜாமில் கலந்துகொண்டால் படிப்பு முடியும்போது உங்கள் கையில் ஏழெட்டு முடிந்த கேம்கள் இருக்கும். தூங்காமல் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர்களின் நிரலில்தான் பக் எனப்படும் பிழை குறைவாக இருக்கிறது.

போர்ட்ஃபோலியோவில் என்ன இருக்க வேண்டும்?

மூன்று நல்ல வேலைகள் போதும். பார்ப்பவர் உங்களுக்காக ஒதுக்குவது சில நிமிடங்களே என்பதால், மிகச் சிறந்ததை முதலில் வையுங்கள். பலவீனமான ஒன்று மற்ற மூன்றின் மதிப்பையும் இறக்கிவிடும். குழுவாகச் செய்தது என்றால் அதில் உங்கள் கை எது என்று தெளிவாக எழுதுங்கள். 'எதிரிகள் வழி கண்டுபிடிக்கும் முறையை நான் எழுதினேன். 200 எதிரிகள் ஒரே நேரத்தில் வந்தபோது வேகம் குறைந்தது, தேடல்களைப் பல சட்டங்களுக்குப் பிரித்துக்கொடுத்துச் சரிசெய்தேன்' என்ற ஒரு வாக்கியம், 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்' என்று நிரப்பிய ஒரு பக்கத்தைவிட அதிகம் பேசும். புரோகிராமர் என்றால் நிரலைப் படிக்கக் கொடுங்கள். ஆர்டிஸ்ட் என்றால் உருவத்தின் கம்பிவலைத் தோற்றத்தையும் காட்டுங்கள். டிசைனர் என்றால், விளையாடக்கூடிய ஒரு கட்டத்தையும் அதை ப்ளேடெஸ்டுக்குப் பிறகு ஏன் மாற்றினீர்கள் என்ற விளக்கத்தையும் வையுங்கள்.

எப்படிப்பட்ட கணினி வேண்டும்?

தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பும் உள்ள கணினி பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். அன்ரியலில் பெரிய காட்சிகளைச் செய்பவர்களுக்கு 32 ஜிபி இருந்தால் நல்லது. வாங்குவதற்கு முன் கல்லூரி ஆய்வகம் இரவில் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். அது போதுமானதாக இருந்தால் முதலாண்டில் எதையும் வாங்கவே தேவையில்லை. முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் முதலில் கேட்பதும், நான் மிகக் கவனமாகப் பதில் சொல்வதும் இந்தக் கேள்விக்குத்தான். நுழைவு நிலையில் போட்டி கடுமையாக இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் கேம்களுக்குத் தேவை பெருகியபோது நிறுவனங்கள் வேகமாக ஆள் சேர்த்தன. 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அனுபவமுள்ளவர்களும் அதே இடங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. இதை மறைத்துவிட்டுச் சேர்க்கை நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே கருதுகிறேன்.

அதே சமயம், கற்றது வீணாகாது. நேர நெருக்கடிக்குள் ஓடும் முப்பரிமாண நிரலை எழுதத் தெரிந்தவருக்குக் கட்டடக்கலைக் காட்சிப்படுத்தல், மருத்துவப் பயிற்சிக்கான சிமுலேஷன், வாகனத் திரைகள், திரைப்படங்களின் மெய்நிகர் அரங்கு எனப் பல இடங்களில் வேலை உண்டு. இந்த எஞ்சின்களே அங்கும் பயன்படுகின்றன.

வேலை கிடைத்த பின்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது வாரக்கணக்கில் இரவு பகலாக உழைக்கவைக்கும் கிரஞ்ச் என்ற வழக்கம் இத்துறையின் பழைய நோய். நேர்முகத்தில் கடைசியாக வெளியிட்ட கேமின் இறுதி இரண்டு மாதங்கள் எப்படி இருந்தன என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்லும் முகத்திலிருந்து அதிகம் தெரியும்.

கல்லூரிக்குப் போகாமல் நானே கற்றுக்கொள்ள முடியாதா?

முடியும். ஸ்டார்டியூ வேலி என்ற கேமை எரிக் பரோன் தனியொருவராக நிரல், படம், இசை, கதை அனைத்தையும் செய்து 2016இல் வெளியிட்டார். ஆனால் அவரிடம் கணினி அறிவியல் பட்டம் இருந்தது என்பதையும், அந்த ஒரு கேமுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் தினமும் நீண்ட நேரம் உழைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கெடு தேதி, நேர்மையாகக் குறை சொல்லும் ஆசிரியர், இரவு பத்து மணிக்கு ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆர்டிஸ்ட் ஆகிய மூன்றும் எளிதில் கிடைப்பதில்லை. இவற்றை வெளியில் உங்களால் அமைத்துக்கொள்ள முடிந்தால் கல்லூரிக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். கட்டணத்துக்காகப் பெருங்கடன் வாங்க வேண்டிய நிலை என்றால், செலவு குறைந்த கணினி அறிவியல் பட்டத்தோடு ஜாம்களைச் சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இதைப் படிப்பதில் பொருள் இருக்கிறதா?

நிரலின் துண்டுகளையும் முதல் வரைவுப் படங்களையும் அது வேகமாகத் தருகிறது, துறை அதனால் மாறிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் குதிப்பு கைக்கு இதமாக இருக்கிறதா என்று விளையாடிப் பார்ப்பது ஒரு மனிதரின் விரல்தான். முதலாண்டு மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: நீங்கள் விளக்க முடியாத எந்த வரியையும் ஒப்படைக்காதீர்கள். காவலாளிக்குக் கண் கொடுக்கும் அந்த டாட் பிராடக்டை ஒரு முறையாவது தாளில் போட்டுப் பாருங்கள். படைப்புகளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றிக் கல்லூரிக்கும் போட்டிகளுக்கும் தனி விதிகள் உண்டு, அவற்றையும் படித்துவிடுங்கள்.

சேர்க்கைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இப்போது என்ன செய்யலாம்?

ஒரே திரையில் முடியும் ஒரு கேமைச் செய்யுங்கள். பந்து ஒன்று, மட்டை ஒன்று, உடைக்கச் சில செங்கற்கள் போதும். ஆனால் முழுமையாக முடியுங்கள்: பெயர் காட்டும் தொடக்கத் திரை, மதிப்பெண், தோற்றால் மறுபடி ஆடும் பொத்தான், பந்து மோதும்போது ஒரு ஒலி, ஒலியை நிறுத்த ஒரு வழி. பந்து ஓடும் பகுதி இரண்டு நாளில் முடிந்துவிடும். மீதிக்கு மூன்று வாரம் ஆகும். முடிந்ததும் வீட்டில் கேமே விளையாடாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அவர் எங்கே தடுமாறினார் என்று ஒரு தாளில் எழுதி, சேர்க்கை நாளில் அந்தத் தாளையும் கேமையும் எடுத்து வாருங்கள்.